இறந்தவர்களின் ரத்தத்தில் விபத்தின் விடையைத் தேடிய ஜான் ஸ்காட் ஹால்டேன்

தெற்கு வேல்ஸின் ரோண்டா பள்ளத்தாக்கில் அமைந்த டைலர்ஸ்டவுன் நிலக்கரிச் சுரங்கத்தில் 1896ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் தேதி அதிகாலை பெரும் வெடிப்பு நிகழ்ந்தது. 57 பேர் உயிரிழந்தனர். அக்காலத்தில் இத்தகைய விபத்துகளை விசாரித்தவர்களின் கவனம் பெரும்பாலும் இரண்டு கேள்விகளிலேயே நின்றது. தீப்பொறி எங்கிருந்து வந்தது என்பது ஒன்று. தவறு யாருடையது என்பது மற்றொன்று. பிரிட்டிஷ் உள்துறை அலுவலகத்தின் சார்பில் அங்கு சென்ற 35 வயது உடலியல் அறிஞர் மூன்றாவதாக ஒரு கேள்வியையும் கொண்டு சென்றார். இந்த மனிதர்கள் ஒவ்வொருவரும் எதனால், வெடிப்பு நிகழ்ந்து எவ்வளவு நேரத்திற்குப் பிறகு இறந்தனர் என்பதே அது.

அவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். பணியிட விபத்துகளை ஆராயும் முறையையே மாற்றிய முன்னோடிகளுள் ஒருவராக இன்று அறியப்படுபவர். இந்திய வாசகர்களுக்கு அவரைவிட அவருடைய மகன் அதிகம் அறிமுகமானவர். பின்னாளில் இந்தியக் குடியுரிமை பெற்று, கொல்கத்தாவிலும் புவனேஸ்வரிலும் பணியாற்றிய உயிரியல் அறிஞர் ஜே.பி.எஸ். ஹால்டேன்தான் அந்த மகன்.

நள்ளிரவில் அளந்த காற்று

ஜான் ஸ்காட் ஹால்டேன் 1860ஆம் ஆண்டு மே மாதம் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் வசதி மிக்க குடும்பத்தில் பிறந்தார். அவருடைய அண்ணன் ரிச்சர்ட் பிற்காலத்தில் பிரிட்டனின் போர்த்துறை அமைச்சராகவும் சட்டத்துறையின் உச்சப் பதவியான லார்ட் சான்சலராகவும் உயர்ந்தவர். தாய்வழி மாமா பர்டன் சாண்டர்சன் ஆக்ஸ்போர்டில் உடலியல் பேராசிரியர். இத்தகைய பின்னணி கொண்டவருக்கு நகரத்தின் நல்ல பகுதியில் மருத்துவமனை நடத்துவது கடினமான செயலாக இருந்திருக்காது. ஆனால் 1884இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்ற அவர் நோயாளிகளைப் பார்க்கும் தொழிலுக்குச் செல்லவில்லை. சணல் ஆலைகள் நிறைந்த டண்டீ நகருக்குச் சென்று, ஏழைகள் வாழும் வீடுகளின் காற்றை அளக்கத் தொடங்கினார்.

இந்த ஆய்வுக்காக நள்ளிரவுக்குப் பின்னர் முன்னறிவிப்பின்றி வீடுகளின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. ஒரே அறையில் ஒரு குடும்பம் முழுவதும் உறங்கும் நேரத்தில்தான் காற்றின் உண்மையான நிலை தெரியும் என்பது காரணம். பகலில் சாளரத்தைத் திறந்து வைத்து எடுக்கும் அளவு யாருக்கும் பயன்படாது. எது நடந்ததோ அதை, அது நடந்த இடத்திலேயே, நடந்த நிலையிலேயே பார்க்க வேண்டும் என்ற இந்தப் பிடிவாதம் அவருடைய வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. பின்னர் ஆக்ஸ்போர்டில் மாமாவின் துறையில் சேர்ந்த பிறகும் அவருடைய ஆய்வுக்கூடம் பெரும்பாலும் சாக்கடைகளிலும் சுரங்கங்களிலுமே இருந்தது.

ஒருவரைக் காக்க இறங்கிய நால்வர்

டைலர்ஸ்டவுன் வெடிப்புக்கு ஏழு மாதங்களுக்கு முன், 1895ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி, லண்டனின் கிழக்கே உள்ள ஈஸ்ட் ஹாம் கழிவுநீர் நிலையத்தில் ஐந்து பேர் உயிரிழந்தனர். முதலில் இறங்கிய தொழிலாளி மயங்கி விழ, அவரைக் காப்பாற்ற அடுத்தடுத்து இறங்கிய நால்வரும் மீளவில்லை. அந்த நால்வரின் பெயர்களும் லண்டனில் தன்னுயிர் ஈந்து பிறரைக் காக்க முயன்றவர்களுக்கான நினைவுச் சுவரில் இன்றும் உள்ளன.

அந்த விபத்தை ஆராய்ந்தவர் ஹால்டேன். சாக்கடையிலிருந்து எழும் கெட்ட காற்று என்று பொதுவாகச் சொல்லி வழக்கை முடித்துவிட அவர் சம்மதிக்கவில்லை. எந்த வாயு, எங்கிருந்து, எவ்வளவு என்று கேட்டு, ஹைட்ரஜன் சல்பைடுதான் காரணம் என்ற முடிவுக்கு வந்தார். அழுகிய முட்டையின் நாற்றம் கொண்ட இந்த வாயு, அளவு மிகும்போது முதலில் மோப்ப உணர்வையே மரத்துப் போகச் செய்துவிடும். நாற்றம் இல்லை, எனவே ஆபத்து இல்லை என்று நம்பி இறங்குபவர் சில மூச்சுகளிலேயே சரிந்துவிடுவார். மேலே நிற்பவருக்கு அவர் தவறி விழுந்ததாகத் தோன்றும். அதனால்தான் இரண்டாமவர் இறங்குகிறார்.

இந்தியாவில் செய்திகளை வாசிப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. கழிவுநீர்த் தொட்டியில் இறங்கியவர்கள் விஷவாயு தாக்கி இறந்ததாக வரும் செய்திகளில், முதலில் ஒருவர், பின்னர் அவரைக் காக்கச் சென்ற இன்னொருவர், சில வேளைகளில் மூன்றாமவர் என்ற அதே வரிசை 130 ஆண்டுகளாகியும் மாறவில்லை. உச்ச நீதிமன்றம் 2014இல் இத்தகைய மரணங்களுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆயினும் விஷவாயு என்ற ஒற்றைச் சொல்லுடன் நின்றுவிடும் செய்திகளே அதிகம். ஹால்டேன் வினா எழுப்பத் தொடங்கியது அந்தச் சொல் முடியும் இடத்தில்தான்.

தன் உடலையே கருவியாக்கியவர்

சுரங்கத் தொழிலாளர்கள் தங்களைக் கொல்லும் காற்றுகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் வைத்திருந்தனர். தீப்பற்றும் மீத்தேனுக்கு ஃபயர்டாம்ப் என்று பெயர். விளக்கை அணைத்துவிடும் கனத்த காற்று பிளாக்டாம்ப். வெடிப்புக்குப் பின் சுரங்கப் பாதைகளில் பரவுவது ஆஃப்டர்டாம்ப். பெயர்கள் இருந்தனவே தவிர, கடைசியாகச் சொன்னது மனிதனை எவ்வாறு கொல்கிறது என்பதில் தெளிவு இருக்கவில்லை. ஆக்சிஜன் தீர்ந்து மூச்சுத்திணறி இறப்பதாகப் பலர் கருதினர்.

ஹால்டேனின் சந்தேகம் கார்பன் மோனாக்சைடு மீது விழுந்தது. நிறமும் மணமும் அற்ற இந்த வாயு, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவுடன் ஒட்டிக்கொள்ளக்கூடியது. ஒருமுறை ஒட்டிக்கொண்டால் ஆக்சிஜனுக்கு அங்கு இடமில்லை. இதை உறுதி செய்ய அவர் தேர்ந்தெடுத்த சோதனை உயிர் அவரேதான். ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து, அளவு தெரிந்த கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றைச் சுவாசித்தபடி, தம் ரத்தத்தைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை சோதித்தார். பார்வை மங்கியதையும் கால்கள் தளர்ந்ததையும் குறித்துக்கொண்டார். ரத்தத்தின் பாதிக்கும் மேற்பட்ட ஹீமோகுளோபினை நச்சு பற்றிக்கொண்டு, நிற்கவே முடியாத நிலை வந்த பிறகுதான் சோதனையை நிறுத்தினார். 1895இல் வெளியான அந்த ஆய்வுக் கட்டுரை இன்றும் மருத்துவ வரலாற்றில் மேற்கோள் காட்டப்படுகிறது.

அதே சோதனைகளின்போது அவர் இன்னொன்றையும் கவனித்தார். உடன் வைத்திருந்த சுண்டெலி அவரைவிடப் பல மடங்கு விரைவாக நிலைகுலைந்தது. உடல் சிறியதாக இருப்பதால் அது மூச்சுக்காற்றை மிக வேகமாகப் பயன்படுத்துகிறது, நச்சையும் அதே வேகத்தில் ஏற்கிறது. ஆபத்தை மனிதனுக்கு முன்பே உணர்த்தும் உயிருள்ள எச்சரிக்கைக் கருவி ஒன்று கிடைத்துவிட்டது.

டைலர்ஸ்டவுனில் கண்டது

இந்த அறிவுடன்தான் அவர் டைலர்ஸ்டவுன் சென்றார். உடல்கள் கிடந்த இடங்கள், அவற்றின் நிலை, தோலின் நிறம், தீக்காயங்களின் அளவு ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பதிவு செய்தார். இறந்தவர்களின் முகத்திலும் உடலிலும் வெளிறிய நிறத்திற்குப் பதிலாக இளஞ்சிவப்பு படர்ந்திருந்தது. அவர்களின் ரத்தத்துளியை நீரில் கலந்து பார்த்தபோது, வழக்கமான ரத்தத்திற்குரிய மஞ்சள் சாயல் தோன்றவில்லை. இளஞ்சிவப்பு நிறமே தோன்றியது. கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் விட்டுச்செல்லும் கையெழுத்து அது.

வெடிப்பின் வேகத்தாலும் தீயாலும் உடனே இறந்தவர்கள் ஒரு சிலரே. பெரும்பாலானவர்கள் வெடிப்பில் உயிர் தப்பியவர்கள். எழுந்து நின்றிருக்கிறார்கள், நடந்திருக்கிறார்கள், வெளியேறும் வழியைத் தேடியிருக்கிறார்கள். தேடிய அந்த வழியிலேயே நச்சுக் காற்று நிறைந்திருந்ததை அவர்களால் அறிய முடியவில்லை.

இந்தக் கண்டுபிடிப்பின் பொருளை எளிதில் கடந்து போய்விட முடியாது. வெடிப்பில் இறந்தவரைக் காப்பாற்ற யாராலும் இயலாது. வெடிப்புக்குப் பின் நேரம் கழித்து இறந்தவரைக் காப்பாற்றியிருக்க முடியும். காற்றோட்டத்தை விரைவில் மீட்டிருந்தால், சுவாசக் கருவியுடன் மீட்புக் குழு ஒன்று அருகில் இருந்திருந்தால், நச்சுக் காற்றுக்குள் விரைந்து நடக்காமல் நல்ல காற்று உள்ள இடத்தில் காத்திருக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாராவது சொல்லியிருந்தால் என்று அடுக்கடுக்கான கேள்விகள் எழுந்தன. அந்த மரணங்கள் தவிர்க்க முடியாதவை என்று ஆறுதல் சொல்லிக்கொள்ள இனி வழியில்லை.

நிலக்கரிச் சுரங்க வெடிப்புகளிலும் தீவிபத்துகளிலும் மரணம் நேரும் காரணங்கள் குறித்த அவருடைய அறிக்கை 1896ஆம் ஆண்டிலேயே நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. மீட்புப் பணிக்குச் செல்பவர்கள் சுண்டெலி அல்லது சிறு பறவையை உடன் கொண்டு செல்லும் வழக்கம் அவருடைய பரிந்துரையிலிருந்தே வளர்ந்தது. எலி சுருண்டு படுத்தால் இருட்டில் தெரியாது, பறவை தண்டிலிருந்து விழுந்தால் உடனே தெரியும் என்பதால் கானரிப் பறவை நிலைத்தது. மயங்கிய பறவையை உயிர்ப்பிக்கச் சிறு ஆக்சிஜன் உருளை பொருத்திய கூண்டும் பின்னர் வந்தது. பிரிட்டன் சுரங்கங்களில் கானரிகளை விடுத்து மின்னணுக் கருவிகளைப் பயன்படுத்தும் முடிவு 1986இல்தான் எடுக்கப்பட்டது.

சுரங்க விபத்துகளை ஆராயச் செல்லும்போது, தாம் நலமாக இருப்பதாக மனைவிக்குத் தந்தி கொடுப்பது ஹால்டேனின் வழக்கம். ஒருமுறை அதே செய்தியுடன் தந்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்ததாகவும், கார்பன் மோனாக்சைடு நினைவை மழுங்கடித்ததால் முந்தைய தந்தியை அனுப்பியதே அவருக்கு மறந்துபோனதாகவும் குடும்பத்தில் ஒரு கதை சொல்லப்பட்டு வந்தது.

ஆராய்பவருக்கும் ஆபத்து உண்டு என்பதற்கு 1897ஆம் ஆண்டு மே மாதம் ஐல் ஆஃப் மேன் தீவின் ஸ்னேஃபெல் ஈயச் சுரங்கத்தில் நிகழ்ந்ததே சான்று. நிலத்தடியில் மரம் எரிந்து உண்டான கார்பன் மோனாக்சைடால் 20 தொழிலாளர்கள் இறந்தனர். அதை விசாரிக்க இறங்கிய சுரங்க ஆய்வாளர் கிளமென்ட் லீ நீவ் ஃபாஸ்டர் தாமே அந்த வாயுவில் சிக்கிக்கொண்டார். இறந்துவிடுவோம் என்று எண்ணிய நிலையிலும் தம் உடலில் தோன்றிய அறிகுறிகளையும் குடும்பத்தாருக்கான விடைபெறும் சொற்களையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். அவர் மீட்கப்பட்டார். அந்தக் குறிப்புகள் கார்பன் மோனாக்சைடு பற்றிய அரிய சான்றாக நிலைத்தன.

மகனுக்குக் கிடைத்த பாடம்

ஹால்டேன் தம் மகனைச் சிறு வயதிலேயே சுரங்கங்களுக்கு அழைத்துச் சென்றார். ஒருமுறை தாழ்வான பாதையில் நிறுத்தி, ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தில் மார்க் ஆன்டனி பேசும் உரையை ஒப்பிக்கச் சொன்னார். சிறுவன் சில அடிகள் சொல்வதற்குள் மூச்சு வாங்கியது, கால்கள் துவண்டன, தரையில் விழுந்தான். தரையில் மூச்சு இயல்பாக வந்தது. மீத்தேன் காற்றைவிட இலேசானது, கூரையை ஒட்டியே தேங்கும், அதைச் சுவாசித்தவர் உடனே இறந்துவிடுவதில்லை என்ற பாடத்தைச் சிறுவன் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. இன்றைய பெற்றோர் எவரும் இந்தப் பயிற்று முறையை ஏற்கமாட்டார்கள்.

கார்ன்வாலின் டோல்கோத் சுரங்கத்தில் தொழிலாளர்கள் ரத்தச்சோகையால் வாடியதற்குக் கொக்கிப்புழுவே காரணம் என்று 1902இல் அவர் கண்டறிந்தார். துளையிடும் இயந்திரங்கள் கிளப்பும் கல்தூசி நுரையீரலைச் சிதைப்பதை அடுத்த இரண்டு ஆண்டுகளில் நிறுவினார். ஆழ்கடலில் இறங்கும் முக்குளிப்போர் மேலே வரும்போது முடங்கிப்போவதையும் இறப்பதையும் தடுக்க, படிப்படியாக மேலேறும் கால அட்டவணையை 1908இல் இரு சகாக்களுடன் வெளியிட்டார். உலகெங்கும் உள்ள கடற்படைகள் அந்த முறையைப் பின்பற்றத் தொடங்கின. 1915 ஏப்ரலில் ஈப்ர போர்முனையில் ஜெர்மனி நச்சு வாயுவை ஏவியபோது பிரான்ஸுக்கு அனுப்பப்பட்ட ஹால்டேன், அது குளோரின் என்பதை உறுதி செய்தார். காப்பு முகமூடிகளுக்கான சோதனைகளில் மீண்டும் தம்மையும் தம் மகனையுமே குளோரின் நிறைந்த அறைக்குள் நிறுத்தினார்.

அறிக்கைக்கும் செயலுக்கும் இடையே

டைலர்ஸ்டவுனுக்கு 17 ஆண்டுகளுக்குப் பின், 1913ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதி, அதே தெற்கு வேல்ஸின் செங்கனித் சுரங்கத்தில் வெடிப்பு நிகழ்ந்தது. 439 தொழிலாளர்களும் ஒரு மீட்புப் பணியாளரும் உயிரிழந்தனர். பிரிட்டனின் வரலாற்றில் இதைவிடக் கொடிய சுரங்க விபத்து இல்லை. இங்கும் பலரைக் கொன்றது வெடிப்புக்குப் பிந்தைய நச்சுக் காற்றே. ஆபத்து நேரத்தில் காற்றோட்டத்தின் திசையை மாற்றும் வசதி இருக்க வேண்டும் என்று 1911ஆம் ஆண்டின் நிலக்கரிச் சுரங்கச் சட்டம் விதித்திருந்தது. நிறைவேற்றக் காலக்கெடு நீட்டிக்கப்பட்டது. நீட்டித்த கெடுவும் கடந்துவிட்டது. அந்த வசதி அங்கு செய்யப்படவில்லை. விசாரணைக்குப் பின் சுரங்க மேலாளருக்கு விதிக்கப்பட்ட அபராதம் மொத்தம் 24 பவுண்டுகள். அதை இறந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு உயிரின் விலை ஒரு ஷில்லிங்குக்குச் சற்று அதிகம் என்று அக்காலச் செய்தித்தாள் கணக்கிட்டது.

இந்தியாவிலும் சுரங்க விபத்துகளை முறையாக ஆராயும் அமைப்பு இதே காலத்தில்தான் உருவானது. முதல் சுரங்கச் சட்டம் 1901இல் இயற்றப்பட்டது. 1902இல் கொல்கத்தாவில் தொடங்கப்பட்ட சுரங்க ஆய்வு அலுவலகமே இன்று தன்பாத்தில் இயங்கும் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்தின் முன்னோடி. 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம், உயிரிழப்போ கடும் காயமோ ஏற்படுத்தும் விபத்துகளை உரிய அதிகாரிக்கு அறிவிப்பதைச் சுரங்க நிர்வாகத்தின் கடமையாக்கியதுடன், விசாரணை நீதிமன்றம் அமைக்கவும் வழிசெய்தது. 1965 மே மாதம் தோரி சுரங்கத்தில் வெடிப்பு நிகழ்ந்து 268 பேர் இறந்தனர். 1975 டிசம்பரில் சாஸ்நாலா சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து 375 பேர் பலியாயினர்.

ஹால்டேனையும் தவறாத மனிதராக வரலாறு காட்டவில்லை. கல்தூசியின் கொடுமையை நிறுவிய அவரே, நிலக்கரித் தூசி நுரையீரலுக்குப் பெரிய தீங்கு செய்யாது என்று உறுதியாக நம்பினார். சுரங்கத் துறையில் அவருடைய சொல்லுக்கு இருந்த மதிப்பே அந்தத் தவறை நீடிக்கச் செய்தது. நிலக்கரித் தூசியால் வரும் நுரையீரல் நோய்க்குப் பிரிட்டனில் இழப்பீட்டு உரிமை கிடைத்தபோது ஆண்டு 1943. அதுவரை இருமி இருமி இறந்தவர்களின் கணக்கு எந்த விபத்து அறிக்கையிலும் இடம்பெறவில்லை. ஒரே நொடியில் 57 பேர் விழுந்தால் விசாரணை வரும், ஒரு தெருவில் ஒவ்வோர் ஆண்டும் ஒருவர் விழுந்தால் வராது என்பது அன்றைய நிலை. அந்த நிலை முழுவதும் மாறிவிட்டதாகவும் சொல்ல இயலாது.

கடைசிப் பயணம்

சுரங்கப் பொறியாளர்கள் சங்கத்தின் தலைவர் பொறுப்பும், 1934இல் ராயல் சொசைட்டியின் காப்ளே பதக்கமும் அவரைத் தேடி வந்தன. எழுபதைக் கடந்த பிறகும் அவர் விபத்து நடந்த இடத்திற்குச் செல்வதை நிறுத்தவில்லை. பாரசீகத்திலும் ஈராக்கிலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைத் தொழிலாளர்கள் கடும் வெப்பத்தால் சுருண்டு விழுவதை ஆராய, 75 வயதில் நேரில் சென்றார். அப்பயணத்திலிருந்து திரும்பிய பின் நிமோனியா தாக்கி, 1936ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் நடுவில் ஆக்ஸ்போர்டில் காலமானார்.

சுரங்கத் தரையில் விழுந்து பாடம் கற்ற மகன் 1957இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, 1964ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி புவனேஸ்வரில் புற்றுநோயால் மறைந்தார். ஜே.பி.எஸ். ஹால்டேனின் உடல், அவருடைய விருப்பப்படி, மாணவர்களின் ஆய்வுக்காக ஆந்திரப் பிரதேசத்தின் காக்கிநாடாவில் உள்ள ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு வழங்கப்பட்டது.